பூட்டனின் கோட்டு

நெற்றியில் குண்டு துளைத்த இடத்தைப் படத்தில் மறைப்பதற்குக் கொம்பியூட்டரின் எண்ணெய்ச் சாய இபெக்டைப் போல வேறொன்றும் இல்லை. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஓட்டையை அழித்துவிட்டுப் பக்கத்துத் தோலை எடுத்து மேலே ஒட்டினால், எவ்வளவு கவனமாகச் செய்தாலும் அது ஒட்டுப்போட்டதாகவே தெரியும். பெற்றவள் பார்த்த மாத்திரத்தில் அந்த இடத்தில்தான் விரலை வைப்பாள். ஆனால் முகம் முழுவதையும் தூரிகையால் தீட்டியது போல ஆக்கிவிட்டால், கன்னம், மூக்கு, காது எல்லாமே திட்டுத் திட்டாக வரும். குண்டு போன இடமும் அதற்குள் ஒரு திட்டாகிவிடும். தாய்மார் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "வடிவாக் கீறியிருக்கு பிள்ளை" என்பார்கள். நான் ஓம் என்று தலையாட்டிவிட்டு அடுத்த படத்தைத் திறப்பேன்.

திருகோணமலைப் பட்டினத்தில், பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருந்த ஒரு ஸ்ரூடியோவில் நான் கொம்பியூட்டரில் படம் திருத்திக்கொண்டிருந்தேன். முதலாளி கிண்ணியாக்காரர். சவூதியில் படம் எடுத்துப் பழகிவிட்டு ஊருக்கு வந்து கடை போட்டவர். கரண்ட் போகிற நேரத்துக்கென்று பின்பக்கம் ஒரு ஜெனரேற்றர் வைத்திருந்தார். நான் அவரை, அண்ணன் என்ற முறையில், நானா என்பேன், அவர் என்னைப் புள்ள என்பார். வாடிக்கையாளர்களோடு நான் எரிந்து விழுவதைப் பார்த்து, "உனக்குக் கோவம் மூக்கு நுனியில நிக்குது புள்ள, கொஞ்சம் உள்ள இழு" என்று சொல்வார். உள்ளே இழுத்தால் மூச்சுமுட்டும் என்று நான் சொல்வேன்.

பழைய காலத்துப் படம் போல ஆக்குகிற இந்த வேலை எங்களிடம் வந்தது சாவுக்காக அல்ல, கலியாணத்துக்காக. சமாதானம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த இரண்டு மூன்று வருஷங்களில், மாப்பிள்ளை பொம்பிளையை நிலாவெளிக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் படமெடுத்து, அதை வெள்ளைக்காரன் காலத்து ஓவியம் போல மாற்றிக் கொடுப்போம். நேற்று வாங்கிய கறுப்புக் கண்ணாடியோடு நிற்கும் மாப்பிள்ளைக்கு நூறு வருஷப் பழசாகத் தெரியவேண்டும் என்று ஆசை. "இவர்ர மூஞ்சிய எண்ணெயில போட்டாத்தான் புள்ள பாக்கேலும்" என்று நானா மெதுவாகச் சொல்ல, நான் சிரிப்பை அடக்கமுடியாமல் மேசைக்குக் கீழே குனிவேன்.

பழமைக்கு எங்களிடம் ஒரு முதல் இருந்தது. நானாவின் வாப்பாவுடைய வாப்பா வெள்ளைக்காரர் காலத்தில் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். கறுப்புக் கோட்டுப் போட்டு, ஒரு கையைக் கதிரையில் ஊன்றி நின்று எடுத்த படம் ஒன்று கடையில் இருந்தது. செல்லரித்து, பூஞ்சணம் பிடித்து, குறுக்கும் நெடுக்கும் வெடித்துப்போன படம். அதை ஸ்கான் பண்ணி, அந்த வெடிப்பையும் கறையையும் பூஞ்சணத்தையும் மட்டும் தனியே பிரித்து ஒரு லேயராக வைத்திருந்தேன். எந்தப் படத்துக்கு மேலும் அதை விரித்துவிடலாம். கோட்டையும் வெட்டி வேறாக வைத்திருந்தேன். பட்டினத்தில் அந்த வருஷங்களில் கலியாணம் செய்த பாதிப் பேருடைய நெஞ்சில் நானா வீட்டுப் பூஞ்சணம்தான் இருக்கிறது.

பிறகு சமாதானம் முறிந்தது. கலியாணப் படம் குறைந்தது, மற்றப் படம் கூடியது. ஒழுங்கை முனையில், கடற்கரையில், கன்னியா றோட்டில், காலையில் யாராவது கிடப்பார்கள். மரண விசாரணைக்குப் படமெடுக்க நானாவைப் பொலிசார் வந்து கூட்டிப்போவார்கள். ஏலாது என்று சொல்லமுடியாது. திரும்பி வந்ததும் கெமராவை என் மேசையில் வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் நெடுநேரம் கைகழுவுவார். அந்தப் பிணப் படங்களை அவர் மையித்துப் படம் என்பார். நான்தான் அவற்றைத் திறந்து பார்க்கவேண்டும். முதல் படத்தைத் திறந்த அன்று வாந்தியெடுத்தேன். பிறகு பழகிவிட்டது. பழகியது பற்றி எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது, அதுவும் பழகிவிட்டது.

கையைப் பின்னால் கட்டிச் சுடப்பட்டவனின் முகம் ஒரு மாதிரியாக இருக்கும், தெரியாமல் சுடப்பட்டவனின் முகம் இன்னொரு மாதிரி. அடித்துக் கொன்றவர்களின் முகத்தில் வேலை செய்வதற்கு ஒன்றுமே மிச்சமிருக்காது. அப்படியானவர்களுக்கு அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவரச் சொல்வேன். கண்ணீர் அஞ்சலி நோட்டீசுக்கு அதைப் பெருப்பித்து, சாயம் பூசிக் கொடுப்பேன். நோட்டீசைப் பசை தடவிச் சுவரில் ஒட்டுவார்கள். பட்டினத்தில் திரிகிற மான்களுக்கு அந்த மாப்பசை பிடிக்கும். மறுநாள் வேலைக்கு வரும்போது, நான் பாடுபட்டுத் திருத்திய முகத்தில் பாதியை மான் தின்றுவிட்டுப் போயிருக்கும். எனக்கு வரும் கோபத்துக்கு அளவில்லை. கல்லெடுத்து மானுக்கு எறிந்திருக்கிறேன். எறிய வேண்டியவர்களுக்கு எறிய முடியாதல்லவா.

என் தம்பி எங்களிடம் சொல்லாமல் இயக்கத்துக்குப் போனது அந்தக் காலத்தில்தான். மூதூருக்கு அந்தப்பக்கம் போய்விட்டான் என்று மட்டும் தெரியும். வீட்டுக்கு வந்து ஆட்களைப் பதிகிற ஆமிக்காரருக்கு அவன் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று அப்பா சொன்னார். அந்தப் பொய்யை நாங்கள் மூவரும் நன்றாகப் பாடமாக்கிவைத்திருந்தோம். என்ன வேலை, எந்த மாதம் போனான், எப்போது கடைசியாகப் பேசினான், எல்லாவற்றுக்கும் ஒரே பதில்.

ஈச்சிலம்பற்றுப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு பெண் சந்தையில் அம்மாவைக் கண்டு, மீன் வாங்குகிற சாட்டில் குனிந்து சொல்லியிருக்கிறாள். தம்பி நின்ற இடத்தில் செல் விழுந்ததாம். உடம்பை அங்கேயே தாட்டுவிட்டார்களாம். அம்மா வாங்கிய மீனோடு நடந்து வீட்டுக்கு வந்தா. குசினிக்குள் போய், மீனை வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தா. அன்று நான் வேலைக்குப் போகவில்லை. அம்மாவின் தொண்டையில் இருந்து வந்த சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் கேட்பார்கள், யார் போய்ச் சொல்வார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. கட்டாரில் இருக்கிற பிள்ளைக்கு எந்தத் தாய் ஒப்பாரி வைப்பாள்?

அப்பா படகு எஞ்சின் திருத்துகிறவர். முற்றத்தில் ஒரு பீப்பாய் நிறையத் தண்ணீர் இருக்கும். திருத்திய எஞ்சினை அதற்குள் இறக்கி ஓடவிட்டுப் பார்ப்பார். அவர் எழும்பிப் போய் ஒரு எஞ்சினைப் பீப்பாயில் பூட்டி, கயிற்றை இழுத்தார். முற்றமெல்லாம் அதிர்ந்தது. அப்போதுதான் அம்மா வாயிலிருந்து சேலையை எடுத்தா. எஞ்சின் ஓடும்வரை அழுதா. மண்ணெண்ணெய் முடிந்து நின்றதும் அம்மாவும் நின்றா. அதற்குப் பிறகு அதுவே எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. அம்மாவின் முகத்தைப் பார்த்தால் அப்பாவுக்குத் தெரியும். போய்க் கயிற்றை இழுப்பார்.

முப்பத்தோராம் நாள் காரியம் வரப்போகிறது என்ற நேரத்தில் அம்மா என்னிடம் கேட்டா.

"ஊரில உள்ளவைக்கெல்லாம் படம் செய்து குடுக்கிறாய். என்ர பிள்ளைக்கு ஒண்டு செய்து தாவன்."

"படத்தை எங்க வைக்கப்போறீங்கள் அம்மா?"

"சுவரில. மாலை போட்டு."

"கட்டாரில இருக்கிறவனுக்கு ஏன் மாலை எண்டு கேப்பாங்கள்."

"கேக்கட்டும்."

"கேட்டுப்போட்டுச் சும்மா போகமாட்டாங்கள். அப்பாவைக் கொண்டு போவாங்கள். என்னைக் கொண்டு போவாங்கள். மாலை இல்லாமல் மாட்டுவம்."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தா. "செத்த பிள்ளையை உயிரோட இருக்கிறான் எண்டு சுவரில வைக்கச் சொல்லுறியா? அவனுக்கு ஒரு பூவும் இல்லையா? ஒரு விளக்கும் இல்லையா?"

எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. அவன்மேல், அம்மாமேல், எல்லார்மேலும். அந்த ஆத்திரத்தோடுதான் மறுநாள் கடைக்குப் போய்க் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தேன். அப்போது சுவரில் தொங்கிக்கொண்டிருந்த நானாவுடைய வாப்பாவின் வாப்பாவைப் பார்த்தேன். அவருக்கு யாரும் மாலை போடுவதில்லை. போட்டிருந்தால்தான் என்ன, யார் கேட்பார்கள்? செத்து எவ்வளவோ காலம். பழைய பிணத்துக்கு யாரும் விசாரணை வைப்பதில்லை.

நானாவிடம் சொன்னேன். எங்கள் வீட்டு விஷயம் அவருக்கு அரைகுறையாகத் தெரியும், முழுக்கத் தெரிந்துகொள்ள விரும்பாதவர் போல நடந்துகொள்வார். சொல்லி முடித்ததும் கதவடிக்குப் போய் வெளியே பார்த்துவிட்டு வந்தார்.

"கோட்ட எடுத்துக்க புள்ள" என்றார். "எங்கட வாப்பாட வாப்பா கோவிக்கமாட்டார்."

தம்பியின் ஒரே நல்ல படம், சோதனை எழுதப் போகும்போது அடையாள அட்டைக்காக நானே எங்கள் கடையில் எடுத்தது. வெள்ளைச் சட்டை. சிரிக்காதே என்று நான் சொன்னதால் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் வாய். முதலில் சட்டையை எடுத்துவிட்டுக் கோட்டைப் போட்டேன். தோள் ஒடுக்கமாக இருந்தது, கொஞ்சம் இழுத்தேன். தலைமயிரை நடுவில் வகிடெடுத்துப் படியவைத்தேன். மேலுதட்டில் அப்போதுதான் அரும்பியிருந்ததைத் தடித்த மீசையாக்கினேன். நிறத்தை உறிஞ்சி மண்நிறமாக்கி, தூரிகைத் திட்டு விழவைத்து, கண்ணுக்குக் கீழே நிழல் போட்டேன். கடைசியாக வெடிப்பையும் பூஞ்சணத்தையும் விரித்தேன். திரையில் ஒரு பிரித்தானியர் காலத்து மனிதன் என்னைப் பார்த்தான். இறந்தவர்களின் முகத்தில் எத்தனையோ நாள் வேலை செய்திருக்கிறேன். என் தம்பியை இரண்டாந்தரம் கொல்வது போல இருந்தது அந்த வேலை மட்டும்தான்.

சின்னதாக ஒரு பிறின்ற் எடுத்து மடித்து, சோற்றுப் பெட்டிக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தா.

"ஆரிது?"

"தம்பி."

"என்ர பிள்ளையைப் பூட்டனாக்கிப் போட்டாய். பழைய படம் இது. எனக்கு வேண்டாம்."

"பழசா இருந்தாத்தானே அம்மா சுவரில இருக்கலாம்!"

"கொஞ்சம் அவன் மாதிரியும் இருக்கவேணும். எங்க அந்த வெட்டு?"

தம்பியின் இடது புருவத்தில் ஒரு வெட்டு இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஒளித்து, அவனும் அவனுடைய கூட்டாளி ஒருவனும் வள்ளத்தில் போய் டைனமைட் போட்டு மீன் பிடித்திருக்கிறார்கள். திரி குறைந்துபோய், எறிந்த கையோடு வெடித்துவிட்டது. கூட்டாளியின் வலக்கையில் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. தூக்கி எறியப்பட்ட தம்பி வள்ளத்து விளிம்பில் புருவத்தை அடித்துக்கொண்டான். அன்று அம்மா இருவரையும் சேர்த்து வைத்து அடித்துவிட்டு, இருவருக்கும் சேர்த்துச் சோறு போட்டா. அந்த வெட்டில் பிறகு மயிர் முளைக்கவே இல்லை. தம்பியைத் தெரிந்தவர்களுக்கு முதலில் தெரிவது அதுதான், ஆகவேதான் நான் அதை மூடியிருந்தேன்.

"அது இருந்தால் தெரிஞ்ச ஆக்கள் கண்டுபிடிச்சிடுவினம் அம்மா."

"தெரிஞ்ச ஆக்கள் ஏன் காட்டிக் குடுக்கினம்?"

என் வேலையில் நான் தினமும் பார்ப்பதை அம்மாவிடம் சொல்லமுடியாது. வாதாடினேன், கத்தினேன், படத்தைக் கிழிப்பேன் என்றேன். அம்மா அசையவில்லை. அந்த வெட்டு இல்லாவிட்டால் அது வேறு யாருடையவோ பிள்ளை என்றா. கடைசியில் கடைக்குப் போய், நான் மூடியிருந்த புருவத்தைக் கொம்பியூட்டரில் திறந்தேன். வெட்டு அப்படியே இருந்தது, அதற்கு மேலே ஒரு வெடிப்பை மட்டும் இழுத்துவிட்டேன்.

ஆடி அமாவாசையன்று படத்தை மாட்டினோம். அன்று எல்லா வீட்டிலும் முன்னோருக்குப் படைப்பார்கள், புதிதாக ஒரு படம் வந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். அப்பா தன் பாட்டனுக்கென்று சொல்லிப் படைத்தார். பெற்ற தகப்பன் பிள்ளையைப் பாட்டன் என்று சொல்லித் தண்ணீர் வார்த்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா மாலை போட்டா, சந்தனம் வைத்தா, விளக்கைக் கொளுத்தினா. பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தா. அப்பா போய் எஞ்சின் கயிற்றை இழுத்தார்.

மழை தொடங்குவதற்கு முன் ஒருநாள் விடிந்த கையோடு ஆமிக்காரர் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். அன்று தலையாட்டி ஒருவனையும் கொண்டுவந்தார்கள். தலையாட்டி என்றால், முகத்தைச் சாக்கால் மூடி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்டுக் கூட்டிவரும் ஆள். அவன் யாரைப் பார்த்துத் தலையசைக்கிறானோ அவரை ஏற்றிக்கொண்டு போவார்கள். ஒழுங்கை முகப்பில் ஆண்களை வரிசையாக முழங்காலில் இருத்தினார்கள். சாக்கு இரண்டு தரம் அசைந்தது. இரண்டு பொடியன்களையும் தலைமயிரில் பிடித்து இழுத்துப்போனார்கள். ஒருவனின் தாய் பின்னால் ஓடினாள், சப்பாத்துக்காலால் வயிற்றில் உதைத்தார்கள். அவள் விழுந்த இடத்திலேயே கிடந்தாள். அந்த இருவரும் திரும்பி வரவே இல்லை.

பிறகு வீடு வீடாக வந்தார்கள். எங்கள் வீட்டுக்குள் நான்கைந்து பேர், ஒரு பெரியவன், சாக்குக்காரன். அலுமாரியை இழுத்துக் கொட்டினார்கள். அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள். மகன் எங்கே என்று கேட்டார்கள். கட்டார் என்றார் அப்பா. சொல்லி வாய்மூடவில்லை, துவக்குப் பிடியால் தாடையில் ஒரு அடி. எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அப்பா சுவரோடு சரிந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டார். விரலிடுக்கால் இரத்தமும் ஒரு பல்லும் வந்தன. மறுபடியும் கேட்டார்கள். கட்டார் என்று நான் சொன்னேன். என் கன்னத்தில் விழுந்த அறையில் காது அடைத்துப்போனது. மறுபடியும் கட்டார் என்றேன். பாடமாக்கியது கைகொடுத்தது.

பெரியவன் சுவரைப் பார்த்தான். மாலை, விளக்கு, பூட்டன்.

"இது யாரு?"

"என்ர மாமனாரின்ர தகப்பன் சேர்" என்றா அம்மா. "வெள்ளைக்காரனிட்ட வேலை செய்தவர்."

"சீயா?" பாட்டனா என்று சிங்களத்தில் கேட்டான்.

"ஓம் சேர். சீயா, சீயாவின்ர சீயா."

அவன் கிட்டப்போய்ப் பார்த்தான். பிறகு சாக்குக்காரனைத் தோளில் பிடித்துத் தள்ளி, படத்துக்கு முன்னால் நிறுத்தினான். அவன் நின்றான். சாக்குக்குள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் அவனுடைய வலக்கை என் கண்ணில் பட்டது. இரண்டு விரல்களுக்கு நுனி இல்லை.

எங்கள் வீட்டில் சோறு தின்ற கை. அம்மா அதைக் கண்டாவா என்று தெரியவில்லை, நான் அம்மாவின் பக்கம் திரும்பப் பயந்தேன். அந்த வெட்டு அவனுக்கு நேரே, கண்மட்டத்தில் இருந்தது. அந்த வெட்டு விழுந்தபோது பக்கத்தில் இருந்தவன் உலகத்தில் அவன் ஒருவன்தான். இனி அந்தச் சாக்கு அசையும், அப்பா போய்விடுவார் என்று நினைத்தேன். சாக்கு அசையவில்லை.

பெரியவனுக்குச் சினம் வந்தது. படத்தை மாலையோடு பிடித்து இழுத்து நிலத்தில் எறிந்தான். கண்ணாடி சிதறியது. பின்பக்கத்தில் ஏதாவது ஒளித்திருக்கிறதா என்று பார்க்கச் சட்டத்தை உடைத்தான். ஒன்றும் இல்லை. போகிற போக்கில் சப்பாத்தை முகத்துக்கு மேலே வைத்து ஒரு திருகு திருகினான். உடைந்த கண்ணாடி படத்தில் ஏறுகிற சத்தம். நான் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன், அதற்குள் நாடி துடிப்பது எனக்குத் தெரிந்தது. பெரியவன் காலை எடுக்காமல் அம்மாவின் முகத்தையே பார்த்தான். அதற்காகத்தான் திருகுகிறான் என்று விளங்கியது.

அம்மா சிரித்தா. உண்மையாகச் சிரித்தா.

"பரவாயில்லை சேர்" என்றா. "பழைய படம்தானே."

அவன் காலை எடுத்தான். எல்லோரும் வெளியே போனார்கள். கடைசியாகப் போன சாக்குக்காரன் குனிந்து, படத்தை எடுத்து, மேலே கிடந்த கண்ணாடித் துண்டுகளைச் சட்டைக் கையால் தட்டிவிட்டு, கதிரையில் வைத்துவிட்டுப் போனான். அவனைப் பின்னாலிருந்து ஒருவன் உதைத்து வெளியே தள்ளினான்.

அம்மா நின்ற இடத்திலேயே நின்றா. சிரிப்பு இன்னும் வாயில் இருந்தது, அதைக் கழற்றத் தெரியாமல் நின்றா. அப்பா தொங்கிய தாடையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மற்றக் கையால் சுவரைப் பிடித்து முற்றத்துக்குப் போனார். ஒற்றைக் கையால் கயிற்றை இழுத்தார், எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடியும் இழுத்தார். நான் ஓடிப்போய் அவருடைய கைக்கு மேல் என் கையை வைத்து இழுத்தேன், அதற்குப் பிறகுதான் பிடித்தது.

அந்த இரண்டு விரல் நுனிகளைப் பற்றி நான் வீட்டில் சொல்லவில்லை. மனதுக்குள் அவனைத் தினமும் திட்டினேன். எங்களைக் காட்டிக் கொடுக்கவில்லை என்பது உண்மை. மற்ற இருவரைக் காட்டிக் கொடுத்தான் என்பதும் உண்மை. அந்த இருவரின் நோட்டீசுக்குக்கூட வழியில்லை, பிணம் கிடைத்தால்தானே. அவர்களின் தாய்மார் கடைக்கு வந்து, காணாமல் போனவர்கள் என்று முறையிடுவதற்குப் படம் பெருப்பித்துக் கேட்டார்கள். கொடுத்தேன். அவர்கள் முன்னால் நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூசியது.

சில மாதங்களில் தம்பியின் அந்தக் கூட்டாளியைக் கடற்கரையில் சுட்டுப் போட்டிருந்தார்கள். யார் சுட்டது என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானா போய்ப் படமெடுத்துவந்து கெமராவை மேசையில் வைத்தார். திறந்தேன். வலக்கை மணலில் விரிந்து கிடந்தது. செத்த வீட்டுக்கு ஆட்கள் போகவில்லை. அவர்கள் வீட்டு வேலியில் யாரோ துரோகி என்று கரியால் எழுதிவிட்டிருந்தார்கள்.

அவனுடைய தாய் ஒரு மத்தியானம் கடைக்கு வந்தா. சேலையால் தலையை மூடி, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு உள்ளே வந்தா. நானா கண்டவுடன், தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்க் கதவடியில் நின்றுகொண்டார். அவ மடியிலிருந்து அடையாள அட்டைப் படம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தா.

"பழைய ஆள் மாதிரிச் செய்து தா பிள்ளை. அவன் எண்டு தெரிஞ்சால் வந்து உடைச்சுப் போடுவினம்."

என் கோபம் வழக்கமான இடத்துக்கு வந்து நின்றது. "உங்கட மகன் தலையாட்டி ஏத்தின பொடியன்களின்ர தாய்மாரும் இதே கதிரையிலதான் வந்து இருந்தவை" என்றேன்.

"ஓம்" என்றா. மறுத்து ஒரு சொல் இல்லை. பிறகு சொன்னா. "அவனைப் பிடிச்சுக்கொண்டு போய்ப் பொலித்தீன் பையை உருக்கி முதுகில விட்டவங்கள். நான்தான் தோலோட உரிச்செடுத்தனான். கூப்பிட்ட நேரமெல்லாம் வரவேணும் எண்டுதான் வீட்டுக்கு விட்டவங்கள். அண்டைக்கு உங்கட வீட்டுக்கு வந்திட்டு வந்தவன், சோறு போட்டனான், தொடேல்லை. 'அம்மா, அவன் கோட்டுப் போட்டுக்கொண்டு சுவரில நிக்கிறான்' எண்டான். 'பழைய காலத்து ஆள் மாதிரி. ஆனா புருவத்து வெட்டை அப்பிடியே விட்டிருக்கினம்' எண்டான். சிரிச்சவன் பிள்ளை. பிறகு அழுதவன். 'நான் தலையை அசைக்கேல்லை அம்மா' எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னவன்."

அவனை மன்னித்தேன் என்று சொன்னால் பொய். இப்போதும் இல்லை. ஆனாலும் என் கை அந்தப் படத்தை எடுத்து ஸ்கானரில் வைத்தது.

"கொஞ்சம் அவன் மாதிரியும் இருக்கவேணும்" என்றா அவ.

எங்களிடம் ஒரே ஒரு கோட்டுத்தான் இருந்தது. தம்பிக்குப் போட்ட அதே கோட்டை எடுத்து அவனுக்குப் போட்டேன். தோளை இழுக்கத் தேவையிருக்கவில்லை. மீசை வைத்தேன், வகிடெடுத்தேன், மண்நிறமாக்கினேன். வெடிப்பை விரித்தபோது அது அவனுடைய கன்னத்தில் விழுந்தது, வாயில் விழாமல் கொஞ்சம் தள்ளிவைத்தேன். பிறகு திரையை அவவின் பக்கம் திருப்பினேன்.

அவ வாயைத் திறந்தா. சத்தம் வரவில்லை. கண் வாசல் பக்கம் போனது. வெளியே றோட்டில் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள், அவவைத் தெரிந்த ஆட்கள். சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் வைக்கப்போனா.

நான் எழும்பிக் கடைக்குப் பின்பக்கம் போய் ஜெனரேற்றர் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். கரண்ட் இருந்தது.